வார்னிஷ் பூசிய சான்றிதழ்

இந்த நாட்டில் அரசாங்கம் வீட்டுக்குள் வரும் விதம் எனக்கு இன்றுவரை பழகவில்லை. கதவின் நடுவில் ஒரு வெட்டு. காலை பத்து மணியளவில் அது வாய் திறக்கும். உள்துறை அமைச்சு, வருமான வரி, கவுன்சில், பிட்சா விளம்பரம் எல்லாம் ஒரே குவியலாகக் கால்மிதியில் விழும். ஊரில் தபால்காரர் சைக்கிள் மணியடித்துப் பெயர் சொல்லிக் கையில் தருவார். பதிவுத் தபால் என்றால் நாங்கள் கை கழுவிவிட்டு வந்து வாங்குவோம். இங்கே மகாராணியின் அரசாங்கத்தை மிதித்துக்கொண்டுதான் குசினிக்குப் போகிறோம். என் மனைவி றீற்றா தவறி மிதித்துவிட்டால் உடனே குனிந்து, கடிதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். தாளில் சரஸ்வதி இருக்கிறாள் என்பதற்கும், ஞாயிறு தவறாமல் பங்குக் கோயிலில் பூசை காண்பதற்கும் இடையில் அவள் ஒரு முரண்பாட்டையும் கண்டதில்லை. உள்ளே இருப்பது அவளுடைய தம்பியை நாடு கடத்தும் கடிதமாக இருந்தாலும் மரியாதை மரியாதைதான்.

இந்தத் தாள் பக்தியில் நான் அவளுக்கு இளைத்தவன் இல்லை. ஊரில் கல்விக் கந்தோரில் பதினேழு வருடம் எழுதுவினைஞனாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். அதற்கு முன் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதி இரண்டு முறை தோற்றேன். மூன்றாம் முறை விண்ணப்பத்தை நிரப்பி, அனுப்பாமல் வைத்துக்கொண்டேன். ஆகவே இரண்டு முறைதான் தோற்றேன் என்று தலை நிமிர்ந்து சொல்ல முடிகிறது. லண்டனுக்கு வந்த பிறகு வால்தம்ஸ்டோ தெருக்களில் வாகனத் தரிப்பிடக் கண்காணிப்பாளன். தொப்பி, மழைச்சட்டை, கையில் ஒரு சிறு இயந்திரம். தவறான இடத்தில் நிற்கும் காருக்குத் தண்டச் சீட்டு அடித்து, ஒட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுச் சற்று வேகமாக நடப்பேன். இந்த நாடு நனையாமல் சுற்றிக் கொடுக்கும் ஒரே தாள் தண்டனைதான். அதைச் சுற்றுகிறவனாகக் கர்த்தர் என்னைத் தேர்ந்துகொண்டார்.

றீற்றாவின் தம்பி அன்ரன் வந்து சேர்ந்தபோது அவனிடம் இருந்தது ஒரே ஒரு தாள். மன்னார்ப் பக்கம் ஓர் இராணுவச் சுற்றிவளைப்பில் பிடித்து, நாலு மாதம் உள்ளே வைத்து, பிறகு நீதவான் முன் நிறுத்தி, வாராவாரம் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனையோடு விட்ட தாள். அதை எட்டாக மடித்து, செபப் புத்தகத்தின் அட்டைக்குள் வைத்து மூன்று நாடு கடந்திருந்தான். மடிப்புகள் கிழியத் தொடங்கியிருந்தன. "அத்தான், இதை நீங்கள் வைச்சிருங்கோ. என்னட்டை இருந்தால் துலைஞ்சிடும்" என்று என் கையில் தந்தான்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பெறுமதியான தாளைக் கொடுத்தால் அடுத்து என்ன நடக்கும் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். அன்றே பஸ் பிடித்து அப்டன் பார்க்கில் செல்வராசா அண்ணையின் கடைக்குப் போனேன். ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். தொலைபேசி அட்டை, முருங்கைக்காய், போட்டோக் கொப்பி எல்லாம் அவரிடம் உண்டு. முக்கியமாக, லமினேட் பண்ணும் இயந்திரம் உண்டு. லண்டனில் உள்ள எங்கள் பிறப்புச் சான்றிதழ்களில் பாதிக்கு அந்த இயந்திரத்தின் வெப்பம் தெரியும். கொப்பி இயந்திரம் அன்று பழுது; மற்ற இயந்திரம் சூடாகும்வரை காத்திருந்தோம். பிறகு தாள் ஒரு பக்கமாக நுழைந்து, சூடாக, வழுவழுப்பாக, சாகாவரம் பெற்று மறுபக்கம் வந்தது. "இனித் தண்ணிக்குள்ள போட்டாலும் ஒண்டும் செய்யாது தம்பி" என்றார் அண்ணை. நான் அதைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்ரனின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீட்டு விசாரணை நடந்த கட்டடம் விமான நிலையத்துக்கு அருகே இருந்தது. அது யாருடைய யோசனையோ தெரியாது. வழக்காளி வாக்குமூலம் சொல்லச் சொல்ல, மூன்று நிமிடத்துக்கு ஒரு விமானம் யன்னலுக்கு மேலே இரைந்து இறங்கும். உள்துறை அமைச்சின் சார்பில் வந்த அதிகாரி, மரியாதையாகப் பேசும் ஓர் இளம் பெண். அவள் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்தாள். இயந்திரச் சூட்டில் முத்திரை மை உருகிப் பரவியிருந்தது. மூலையில் வழக்கு இலக்கம் இருந்த இடத்தில் ஒரு நாவல்பழக் கறை. புடைத்து நின்ற முத்திரை தட்டையாகிவிட்டது; மையையும் தாளையும் பரிசோதிக்க வழியில்லை. "பரிசோதிக்க முடியாதபடி யாரோ இதைக் கவனமாக மூடியிருக்கிறார்கள்" என்றாள். 'கவனமாக' என்ற சொல் எவ்வளவு உண்மை என்று அவளுக்குத் தெரியாது.

நீதிபதி அதுவரை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அறுபத்தைந்தைத் தாண்டிய கறுப்பினத்தவர். வெள்ளைத் தலைமுடி, தடித்த கண்ணாடி. "இதை யார் செய்தது?" என்று கேட்டார். எங்கள் வழக்கறிஞர் துஷி திரும்பிப் பின்வரிசையில் இருந்த என்னைப் பார்த்தாள். மொழிபெயர்ப்பாளர் பார்த்தார். அன்ரன் மட்டும் பார்க்கவில்லை. விசாரணையை மூன்று வாரம் ஒத்திவைத்தார் நீதிபதி. அடுத்த தவணைக்கு இந்தத் தாளின் வரலாற்றைச் சொல்ல நான் சாட்சியாக வர வேண்டும். ஊரில் அந்த வழக்கு இருந்ததற்கு வேறு ஆதாரம் இருந்தால் கொண்டுவர வேண்டும். போர் நிறுத்தம் என்ற சொல் இன்னும் செய்திகளில் உயிரோடிருந்த காலம் அது. ஊரில் அது எப்போதோ செத்துவிட்டது. ஆனால், திரும்பிப் போனால் ஆபத்தில்லை என்று சொல்ல அந்த ஒரு சொல் அமைச்சுக்குப் போதும். அன்ரனுக்கோ இந்த ஒரு தாளைத் தவிர வேறொன்றுமில்லை.

அந்த மூன்று வாரமும் வீட்டில் யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. வாரம் ஒருமுறை குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்திடப் போகும்போது அன்ரன் கடைப் பையில் பற்தூரிகையும் ஒரு மாற்றுச் சேட்டும் வைத்து எடுத்துக்கொண்டு போவான்; சிலரை அங்கேயே மறித்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தான். ஊரிலும் வாராவாரம் கையெழுத்து, இங்கேயும் வாராவாரம் கையெழுத்து. றீற்றா வாசலில் நின்று பையைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். "இஞ்சேருங்கோ, வேலைக்கு நேரமாகுது" என்பாள். அவ்வளவுதான். நான் அந்த நாட்களில் ஒட்டிய தண்டச் சீட்டுகளில் பல, மேலதிகாரி பிறகு சொன்னபடி, அநியாயமானவை.

செல்வராசா அண்ணையிடம் போனேன். தாளுக்கு அவரும் பொறுப்பாளி. தவிர, வழக்குகள் பற்றிப் பேச அவரைவிட ஆர்வமுள்ளவர் லண்டனில் இல்லை. தன்னுடைய வழக்கைத் தவிர எல்லா வழக்கிலும் வென்றவர்.

"ஜட்ஜ் ஆர்?"

"கறுப்பினத்தவர் அண்ணை. கரீபியன் எண்டு துஷி சொல்லுறா."

அண்ணை முருங்கைக்காய்க் கட்டைக் கீழே வைத்தார். "கறுப்பு ஜட்ஜ் எண்டால் ரெண்டில ஒண்டுதான் தம்பி. தானும் பட்டவன் எண்டு இரங்குவான். இல்லாட்டி, வெள்ளையனுக்குத் தன்னைக் காட்ட வேணுமெண்டு இன்னும் இறுக்கி நிப்பான்."

எந்த மனிதரைப் பற்றியும் பொய்க்காத சாத்திரம் இது. அந்தக் கணத்தில் எனக்கு அது பேரறிவாகத் தெரிந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"தாளுக்கு என்ன சொல்லப் போறாய்?"

"நான்தான் செய்தன் எண்டு..."

"விசரே உனக்கு? லண்டனில செய்தது எண்டால், இஞ்ச வைச்சுத் தயாரிச்சவங்கள் எண்டுதான் எழுதுவாங்கள். ஊரிலயே செய்து வந்தது எண்டு சொல்லு. ஊரில மெசின் இல்லையே? அந்த அமைச்சுக்காரிக்குத் தெரியுமே?"

அது நல்ல பொய். எளிமையானது, யாருக்கும் தீங்கில்லாதது, அன்ரனுக்கு உதவக்கூடியது. வழி முழுக்க அதை யோசித்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். வால்தம்ஸ்டோவில் இறங்கியபோது மழை. நூலகத்துக்குள் ஒதுங்கினேன்.

ஒக்டோபர் மாதத்தில் இந்த நாடு கறுப்பின வரலாற்றைக் கொண்டாடும். மீதி மாதங்களில் என்ன செய்கிறது என்று கேட்கக்கூடாது. நூலகத்தில் வரிசையாகப் பலகைகள் வைத்திருந்தார்கள். பாடகர் ஒருவர், தாதி ஒருவர், ஓட்டவீரர் ஒருவர். நான்காவது பலகையில், குதிரைமயிர்ப் பொய்முடியும் சிவப்பு அங்கியுமாக எங்கள் நீதிபதி. அந்தத் தடித்த கண்ணாடியை எங்கு கண்டாலும் எனக்குத் தெரியும்.

மழை விட்ட பிறகும் அங்கேயே நின்று வாசித்தேன். சின்னத் தீவொன்றில் பிறந்தவர். தாய், துணி வெளுத்துப் பிழைத்தவர். தீவுக்கு ஒன்றே ஒன்றாக இருந்த உயர்தரப் பள்ளிக்கு உபகாரப் பணத்தில் போனார். பள்ளி முடித்ததும் இரண்டு வருடம் நீதவான் மன்றத்தில் இளநிலைக் குமாஸ்தா. பிறகு கப்பலேறி லண்டன். பகலில் பஸ் நடத்துநர், மாலையில் சட்ட மாணவர். அந்தக் காலத்தில் இங்கே வழக்கறிஞராவதற்குப் பரீட்சை மட்டும் போதாது. வழக்கறிஞர்களைச் சேர்த்துக்கொள்ளும் 'சட்ட விடுதி' என்ற சங்கத்தின் பெரிய மண்டபத்தில், அங்கி போட்டு, நீள மேசையில் இத்தனை தடவை இராச்சாப்பாடு சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும். சாப்பாட்டில் தேறாவிட்டால் சட்டத்தில் தேறியும் பயனில்லை. பஸ் வேலையை முடித்து, சீருடைக்கு மேல் அங்கியைப் போட்டுக்கொண்டு போய் உட்கார்வாராம். பக்கத்தில் இருந்தவர்கள் உப்பை நகர்த்தித் தருவார்கள், பேச மாட்டார்கள். தேறிய பிறகு எந்த வழக்கறிஞர் அலுவலகத்திலும் இடம் கிடைக்கவில்லை. திரும்பிப் போனார். தீவுக்குத் தீவு படகில் போய் வழக்குக் கேட்கும் நீதவான். பிறகு உயர் நீதிமன்றம். பிறகு மேன்முறையீட்டு நீதிமன்றம். ஓய்வு பெற்றதும் இங்கே உள்ள மகளோடு வந்திருந்து, சும்மா இருக்க முடியாமல், குடிவரவு வழக்குக் கேட்கிறார். தன்னை ஏற்றுக்கொள்ளாத நகரத்தில், யாரை ஏற்றுக்கொள்வது என்று தீர்மானிக்கும் வேலை.

பலகையின் அடியில் ஒரு குட்டிக் கதை இருந்தது. அவர் கப்பலேறும் முன், பள்ளிச் சான்றிதழை உப்புக்காற்று தின்றுவிடும் என்று பயந்து, தாய் அதைப் பலகையில் ஒட்டி, தச்சுப் பட்டறையில் வார்னிஷ் வாங்கி இரண்டு பூச்சுப் பூசிக் கொடுத்தாராம். சட்ட விடுதியின் காரியாலயத்தில் அதை ஏற்க மறுத்துவிட்டார்கள். புதுப் பிரதி வருவதற்குள் ஒரு தவணை போய்விட்டது. பலகையை அவர் தாய்க்கே திருப்பி அனுப்பினார். தாய் அதை முன் அறையில், தெருவால் போகிறவர்களுக்குத் தெரியும்படி மாட்டி வைத்தார்.

வார்னிஷ்! அந்தத் தாய் எங்கள் ஆள்! நூலகப் பெண்ணிடம் ஓடினேன். அந்தப் பலகையைக் கொப்பி எடுக்கலாமா என்று கேட்டேன்.

"நிச்சயமாக. உங்களுக்கு அவரைப் பிடித்திருக்கிறதா?"

"அவர் என்னுடைய நீதிபதி."

அவள் முகம் மலர்ந்தது. "எவ்வளவு அழகாகச் சொன்னீர்கள்! எல்லாச் சமூகத்தவரும் அப்படித்தான் உணர வேண்டும் என்றுதான் இதை வைத்தோம்."

"இல்லை, வருகிற வியாழக்கிழமை," என்றேன்.

அவள் தலையை ஆட்டி, இன்னும் அன்பாகச் சிரித்தாள்.

அடுத்த சில நாட்களுக்கு என் மனதில் ஓர் உரை தயாரானது. தாய்மாரின் அன்பு, ஈரக்காற்று, தீவு மக்களுக்குத் தாள் மீதுள்ள பயம். வார்னிஷ் என்ற சொல்லை எங்கே வைப்பது என்று தெருவில் கார்களுக்கு முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். பொய் சொல்வதா, உரை நிகழ்த்துவதா என்பது மட்டும்தான் முடிவாகவில்லை. உண்மை சொல்வது மூன்றாவது வழி. அதற்கு யாரும் ஒத்திகை பார்ப்பதில்லை.

வியாழக்கிழமை துஷி என்னை வாசலில் மறித்தாள். எட்டு வயதில் இங்கே வந்த பிள்ளை. "அங்கிள், ப்ளீஸ், கேட்ட கேள்விக்கு மட்டும் ஆன்ஸர் பண்ணுங்கோ. ஸ்பீச் வேண்டாம். ஓகே?" ஊரிலிருந்து ஒரு வழக்கறிஞர், மன்றப் பதிவேட்டைப் பார்த்து, அன்ரனின் பெயரையும் வழக்கு இலக்கத்தையும் ஃபாக்ஸில் அனுப்பியிருந்தார். "பட் அது போதாது அங்கிள். எங்கட தாளில நம்பர் மெல்ட் ஆயிட்டுது. அன்ரன் எண்டு எத்தினை பேர் மன்னாரில? அதே கேஸ்தான் எண்டு எப்பிடிக் காட்டுறது?"

மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று நான் மறுத்தேன். பதினேழு வருடக் கந்தோர் ஆங்கிலம் எதற்கு இருக்கிறது? வேதாகமத்தில் கை வைக்கத் தயாராக நீட்டினேன். இங்கே சத்தியம் தேவையில்லை என்றார்கள். கை அந்தரத்தில் நின்றது. சத்தியம் செய்துவிட்டால் பொய்யென்றாலும் ஒரு பிடிமானம் இருந்திருக்கும்.

அதிகாரி கேட்டாள்: "இந்தத் தாள் பிளாஸ்டிக்கில் அடைக்கப்பட்டது எந்த நாட்டில்?"

ஒரு விமானம் இறங்கத் தொடங்கியது. அது போகும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். நான் அன்ரனைப் பார்த்தேன். அவன் மடியில் அந்தக் கடைப் பை இருந்தது. பற்தூரிகையின் பிடி நீல நிறத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இன்று அந்தப் பை வேண்டியதில்லையே, இன்று தீர்ப்பு வராதே என்று எனக்குத் தோன்றியது. அவனுக்கு அது தெரியும். தெரிந்தும் கொண்டு வந்திருக்கிறான். அவ்வளவில் என் உரை மறந்து போயிற்று. பொய்யும் அதோடு போயிற்று.

"இங்கே. நான்தான் செய்தேன்."

"ஏன்?"

"நல்ல தாள் என்பதால்."

மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்ததோ என்பதுபோலத் துஷி கண்ணை மூடினாள். அதிகாரி விடவில்லை. யாருக்கும் காட்டும் முன் ஏன் மூடினேன், எதை மறைக்க விரும்பினேன், யார் சொல்லிச் செய்தேன் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள். எதையும் மறைக்கவில்லை, கிழியாமல் இருக்கத்தான், யாரும் சொல்லவில்லை என்று அதே பதிலை அதே சொற்களில் சொன்னேன். உண்மை இவ்வளவு முட்டாள்தனமாக ஒலிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது.

அப்போது நீதிபதி பேனையை வைத்தார். "மிஸ்டர் ஞானப்பிரகாசம், அடைப்பதற்கு முன் தாளைக் கையில் வைத்திருந்தீர்களா?"

"ஆம்."

"இரண்டு பக்கமும் பார்த்தீர்களா?"

"பார்த்தேன்."

"பின்பக்கத்தில் என்ன இருந்தது?"

"ஒன்றுமில்லை, ஐயா. ஏதோ பென்சில் கிறுக்கல். அசிங்கமாக இருந்தது. அழித்துவிட்டு லமினேட் பண்ணலாம் என்று நினைத்தேன்." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தேன். "கடையில் அழிறப்பர் இருக்கவில்லை."

நீதிபதி கையை நீட்டினார். தாளை வாங்கித் திருப்பினார். பிளாஸ்டிக் மின்னியது, ஒன்றும் தெரியவில்லை. எழுந்து யன்னலருகே போனார். நீதிபதி எழுந்தால் எல்லோரும் எழ வேண்டுமா என்று தெரியாமல் நான் பாதி எழுந்து நின்றேன். அவர் தாளை வெளிச்சத்துக்குச் சரித்தார், இன்னும் கொஞ்சம் சரித்தார். பிறகு மெதுவாக வாசித்தார்: பி என்ற எழுத்து, நாலு இலக்கம், ஒரு சாய்கோடு, வருடம்.

துஷி ஃபாக்ஸ் தாளில் விரலை வைத்துப் பார்த்தாள். "அதே இலக்கம்" என்றாள். பிறகு ஒவ்வோர் இலக்கமாக வாசித்துக் காட்டினாள்.

அதிகாரி எழுந்தாள். "பென்சிலால் யாரும் எப்போதும் எழுதலாம்."

"பிளாஸ்டிக்குக்கு வெளியே என்றால் எழுதலாம்," என்றார் நீதிபதி. "சாட்சி இங்கே வைத்து, தன் கையால், இதை மூடியதாகச் சொன்னார். ஊரிலிருந்து இந்த இலக்கம் வந்தது அதற்குப் பிறகு, மூன்று வாரத்துக்குள். குறித்துக்கொள்கிறேன்." அவர் உட்கார்ந்தார். என் பக்கம் பார்த்தார். "கடையில் அழிறப்பர் இல்லாததற்கு நாமெல்லோரும் நன்றி சொல்ல வேண்டும்."

தாயைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. வார்னிஷ் பற்றியும் இல்லை. ரயிலில் திரும்பி வரும்போதுதான் நூலகத்துக் கொப்பியை எடுத்து மறுபடி பார்த்தேன். கடலும் கண்ணீரும் இருந்த வரிகளுக்கெல்லாம் நான் அடிக்கோடு போட்டிருந்தேன். போடாமல் தாண்டிய ஒரு வரி இருந்தது: இரண்டு வருடம் நீதவான் மன்றத்தில் இளநிலைக் குமாஸ்தா. ஒரே பிரித்தானிய ஆட்சியின் கீழ் இருந்த தீவுகளில் குமாஸ்தாக்களும் ஒரே மாதிரித்தான் பழகியிருப்பார்கள். தட்டச்சுக்குப் போகும் முன் கோப்பு இலக்கத்தைத் தாளின் முதுகில் பென்சிலால் குறிக்கும் பையன் ஒருவன் எங்கள் பக்கத்திலும் இருந்திருக்கிறான். போலி செய்கிறவன் முன்பக்கத்தைத்தான் செய்வான். அவருடைய தோலை அண்ணை படித்தார், தாயை நான் படித்தேன். அவரோ தாளைப் படிக்கிறவர். பதினேழு வருடம் கந்தோரில் இருந்த நானே அந்த எழுத்தை அசிங்கம் என்று நினைத்தேன்.

ஐந்து வாரம் கழித்து ஒரு காலையில் கதவு வாய் திறந்தது. பிட்சா விளம்பரத்துக்கு மேலே தடித்த உறை. றீற்றா வாசிக்கத் தரவில்லை. முதலில் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு நான் கடைசிப் பக்கத்திலிருந்து வாசித்தேன். மேன்முறையீடு ஏற்கப்பட்டது. அன்ரன் குசினிக் கதிரையில் உட்கார்ந்தான். சிறிது நேரம் கழித்துக் கடைப் பையைத் திறந்து, பற்தூரிகையை எடுத்துக் குளியலறைக் குவளைக்குள் எங்கள் தூரிகைகளோடு வைத்துவிட்டு வந்தான்.

செல்வராசா அண்ணை தொலைபேசியில் சத்தம் போட்டார். "நான் அப்பவே சொன்னன்தானே, இரங்குவான் எண்டு! தீர்ப்பைக் கொண்டு வா தம்பி, ஓசியாய் லமினேட் பண்ணித் தாறன்!"

"வேண்டாம் எண்டு சொல்லுங்கோ அத்தான்," என்றான் அன்ரன். அவன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

உறைக்குள் பழைய தாளையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அன்ரன் முத்திரை இருந்த இடத்தைப் பெருவிரலால் தடவினான். முன்பு அங்கே ஒரு சொரசொரப்பு இருந்தது. இருட்டிலும் விரலுக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கிறான். "ஒண்டும் பிடிபடேல்லை," என்றான். பிளாஸ்டிக்கைப் பிரித்தால் தாள் கிழியும். பிரிக்காவிட்டால் இனி ஒருபோதும் அதைத் தொட முடியாது. அவன் அதை யன்னலருகே கொண்டு போய் வெளிச்சத்தில் பிடித்தான். ஊர் மன்றத்தின் தட்டச்சு எழுத்துகள் நேராகவும், முதுகில் இருந்த பென்சில் இலக்கம் இடவலம் மாறியும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால், சிவப்பாக, ஓர் இரட்டை மாடி பஸ் போனது.

கடைசியில் அதை யன்னல் விளிம்பில் மாதா சுரூபத்தோடு சாய்த்து வைத்தான். ஒரு பக்கம் தெருவைப் பார்க்கிறது, மறுபக்கம் எங்களைப் பார்க்கிறது. எது முன்பக்கம் என்று றீற்றா கேட்டாள். துடைக்கும்போது அவள் அதைத் திருப்பித் திருப்பி வைக்கிறாள்.